யாருடைய பாட்டி?

‘பாட்டி வைத்தியம்’ என்று புத்தகம் போட்டு விற்கிறார்கள். யாருடைய பாட்டி என்று கேட்டால் பதில் வராது. ஊருக்கெல்லாம் பொதுவாய், சாதியே இல்லாத பாட்டி ஒருத்தி இருந்தாளாம்!

கோடியக்கரைப் பக்கத்துப் பாட்டிகளைச் சொல்கிறேன். நடவு நட்டு நட்டுச் சேத்துல கால் விரலிடுக்கெல்லாம் வெந்துபோகும். மருதாணியையும் மஞ்சளையும் அரைச்சு ராத்திரி அப்பிக்கிட்டு, விடிஞ்சதும் அதே சேத்துல இறங்குனவங்க. வேதாரண்யம் உப்பளத்தில் நிழலும் கிடையாது, ஒதுங்க மறைவும் கிடையாது. நீர்க்கடுப்பு வந்தால் மணலில் படர்ந்த நெருஞ்சியைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். சளி, காய்ச்சலுக்கு நொச்சித்தழை போட்டு வேது பிடித்தார்கள். ஒரு நாள் படுத்தா ஒரு நாள் கூலி போச்சு. அந்த நெருக்கடியில் பிறந்த அறிவு இது.

பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் மருத்துவர் சாதிப் பெண்கள், பல ஊர்களில் சேரிப் பெண்கள். பிள்ளையை ஏந்தின கை தீட்டு. ஏட்டைப் பார்த்துச் சூரணம் கொடுத்தவரோ ‘வைத்தியர் ஐயா’.

இதெல்லாம் பழங்கதை என்பீர்கள். இல்லை, சட்டமாகவே நிற்கிறது. மூலிகையையும் அதுபற்றிய அறிவையும் வைத்து லாபம் பார்ப்பவர்கள், அதைக் காத்துவந்த மக்களுக்குப் பங்கு தரவேண்டும் என்றது 2002ஆம் ஆண்டின் உயிரிப் பல்வகைமைச் சட்டம். 2023இல் அதைத் திருத்தி, நூலில் தொகுக்கப்பட்ட மரபறிவுக்கு விலக்கு கொடுத்தார்கள். எந்த நூல்? 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தின் முதல் அட்டவணையில் பெயர் ஏறிய நூல்கள். அதிலிருந்து எடுத்தால் உள்நாட்டுக்காரர் மாநில வாரியத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டாம், பங்கும் தரவேண்டாம்.

அந்த நூலுக்கு நொச்சியைச் சொல்லிக்கொடுத்தது யார்? வரப்பையும் காட்டையும் நடந்து பார்த்த கால் யாருடையது? எழுத்தை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டவனே, எழுதியதுதான் அறிவு என்று சட்டம் போடுகிறான்.

‘சித்த மருத்துவம் தமிழரின் பொதுச்சொத்து, இதிலுமா சாதி?’ என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று. அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) சித்த மருத்துவர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியவர். ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுப்பாக வெளிவர 1999 ஆனது. பொதுச்சொத்தில் நம் பங்கு இப்படித்தான் காணாமல் போகிறது.

கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். வந்திறங்கும் பறவைகளைப் பிடித்துக் காலில் எண் போட்ட வளையம் மாட்டிப் பதிவு செய்கிறார்கள். செடிகளுக்கு லத்தீன் பெயர் இருக்கிறது. செய்யட்டும், நல்லதுதான். கசாயம் வைத்தவளுக்கு ஒரு வரி உண்டா?

அதே 2002 சட்டத்தின்கீழ் ஒவ்வொரு ஊராட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவேண்டும். எழுதிவிட்டார்களா, எழுதினால் எந்தத் தெருவில் கேட்டு எழுதினார்கள் என்று கேளுங்கள். மாணவத் தோழர்களே, நோட்டை எடுத்துக்கொண்டு சேரிக்குப் போங்கள். செடி, பக்குவம், என்ன வேலையில் வந்த நோவு, இவற்றோடு சொன்னவளின் சம்மதம் கேட்டு அவள் பெயரையும் எழுதுங்கள்.

பாட்டிக்குப் பெயர் உண்டு. தெருவும் உண்டு.