செல்போன் திருடு போனால் முதல் வேலை என்ன?

'கீரைக்கட்டு விற்றுவிட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது, கூட்டத்தில் செல்போனை யாரோ எடுத்துவிட்டார்கள். வங்கிக் கணக்கு, பி.எம்.கிசான், ஆதார் எல்லாமே அந்த நம்பரில்தான் இருக்கின்றன. உடனடியாக என்ன செய்ய வேண்டும்?'
- வாசகி, கோவிலம்பாக்கம்.

பதில்: போன செல்போனைவிட, அதற்குள் இருக்கும் சிம் கார்டுதான் முக்கியம். செல்போனுக்குப் பூட்டு போட்டிருந்தாலும், சிம்மைக் கழற்றி வேறு செல்போனில் போட்டால் ஓ.டி.பி. அங்கே வந்துவிடும். பலர் செல்போன் உறைக்குள்ளேயே ஏ.டி.எம். கார்டையும் செருகி வைக்கிறார்கள். கார்டும் ஓ.டி.பி-யும் ஒரே கையில் சிக்கினால் கணக்கைக் காலி செய்ய அது போதும்.

எனவே, பக்கத்தில் இருப்பவரின் செல்போனை வாங்கி, சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து நம்பரை முடக்கச் சொல்ல வேண்டும். அடுத்த அழைப்பு வங்கிக்கு. ஏ.டி.எம். கார்டு, யு.பி.ஐ., மொபைல் பேங்கிங் மூன்றையும் நிறுத்தச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தகவல் போனால்தான் நிறுத்தி வைக்க முடியும்.

தாமதம் செய்தால் நஷ்டம் யாருக்கு? வங்கி, வாடிக்கையாளர் இருவர் மீதும் தவறில்லாத நிலையில், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்கிறது ரிசர்வ் வங்கி, வணிக வங்கிகளுக்கு 2017 ஜூலை 6-ல் அனுப்பிய சுற்றறிக்கை. பின் நம்பரை எழுதி வைத்தது போன்ற கவனக்குறைவு இருந்தால், தகவல் சொல்லும்வரை போன பணம் வாடிக்கையாளர் பொறுப்பு. சொன்ன பிறகு போனால் வங்கியின் பொறுப்பு.

அடுத்தது காவல் நிலையம். பஸ்ஸில் போனால் எந்த இடத்தில் திருடு போனது என்பதே தெரியாது. சென்னை மாநகரக் காவல் எல்லையா, 2022-ல் தொடங்கிய தாம்பரம் ஆணையரக எல்லையா என்ற குழப்பம் வரும். கவலை வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவல் கொடுக்கலாம். புகார் ரசீதைக் கட்டாயம் வாங்க வேண்டும்.

பிறகு, ஆதாருடன் சிம் நிறுவனக் கடைக்குச் சென்று அதே நம்பரில் புதிய சிம் வாங்க வேண்டும். புதிய சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது என்பதால் பதற வேண்டாம். அதன்பின், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் புகார் ரசீது, அடையாள அட்டை, செல்போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் ஆகியவற்றைப் பதிவு செய்தால், அந்தச் செல்போன் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் இயங்காமல் முடக்கப்படும். யாராவது வேறு சிம் போட்டால் காவல் துறைக்குத் தகவல் போகும். அப்போது தரும் கோரிக்கை எண்ணைப் பத்திரப்படுத்த வேண்டும். செல்போன் கிடைத்தால், முடக்கத்தை நீக்க அந்த எண் தேவை.

'போனால் போகட்டும், புது நம்பர் வாங்கிக்கொள்ளலாம்' என்று விவசாயிகள் இருந்துவிடக் கூடாது. பி.எம்.கிசான் இ-கே.ஒய்.சி., உழவன் செயலி, பால் பணம், பயிர்க்கடன் எல்லாம் பழைய நம்பரில்தான் இருக்கும். செல்போன் மூலம் இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டரும் பதிவு செய்த நம்பருக்குத்தான் கட்டுப்படும். இடையில் பி.எம்.கிசான் இ-கே.ஒய்.சி. அவசரம் என்றால், பொதுச்சேவை மையத்தில் கைரேகை வைத்து முடிக்கலாம்.

செல்போன் கையில் இருப்பவர்கள் இன்றே செய்ய வேண்டியது: *#06# என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். இரண்டு சிம் செல்போனில் இரண்டு எண்கள் இருக்கும். அவற்றையும், வங்கி மற்றும் சிம் நிறுவனத்தின் சேவை எண்களையும் வரவு-செலவு நோட்டில் எழுதி, வாங்கிய பில்லையும் அதிலேயே வையுங்கள். பின் நம்பரை மட்டும் எங்கும் எழுத வேண்டாம். ஏ.டி.எம். கார்டைச் செல்போன் உறையிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள்.