சிறப்புப் பயிற்றுநர்களுக்கு நிரந்தரப் பணியிடம்

மூளை முடக்குவாதத்தால் இறுகிப்போன விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் கரண்டியைப் பிடிக்கப் பழக்குவதற்கும், ஆட்டிசம் உள்ள குழந்தை தன் பயிற்றுநரை ஏறெடுத்துப் பார்க்கும் அளவுக்கு அதன் விசுவாசத்தைச் சம்பாதிப்பதற்கும் பல வேளைகளில் ஓராண்டு போதுவதில்லை. அப்படியிருக்க, அக்குழந்தைகளிடம் நாம் அனுப்பிவைக்கும் சிறப்புப் பயிற்றுநரின் உத்தியோகமே ஆண்டுதோறும் திட்ட ஒப்புதலை எதிர்நோக்கி நிற்கும் தொகுப்பூதிய உத்தியோகமாக இருப்பது, தமிழகக் கல்விப் பரிபாலனத்தின் பெருங்குறை என்றே கருதுகிறோம்.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள குழந்தைகள் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை உறுதி செய்தது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பொதுப் பள்ளிகளில் சிறப்புப் பயிற்றுநர்களுக்கென நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டில் மத்திய சர்க்கார், தொடக்க வகுப்புகளில் இத்தகைய குழந்தைகள் 10 பேருக்கு ஒருவர், உயர் தொடக்க வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று விகிதத்தையும் அறிவித்தது. அதன் பின்னரும் மாநிலங்கள் அசையாதிருந்ததால், 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் மீண்டும் கட்டளையிட நேர்ந்தது.

இங்கே வட்டார வள மையத்தைச் சார்ந்த பயிற்றுநர் ஒருவரே பல பள்ளிகளுக்கும், பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் வீடுகளுக்கும் சென்று வருகிறார். அவர் அலுத்துப்போய், நிலையான சம்பளம் கிடைக்கும் வேறொரு வேலையை நாடிச் சென்றால் அவரைக் குறை சொல்ல நமக்கு நியாயமில்லை. ஆனால் அவர் போனபின் அந்த வீட்டில் நிகழ்வதை எண்ணிப் பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவரிடம் தாய் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறாள்: எந்தச் சத்தத்துக்குக் குழந்தை மிரளும், எந்தப் பக்கம் சாய்த்து உட்காரவைத்தால் கழுத்து நிற்கும், பசிக்கு என்ன ஜாடை காட்டும் என்பதையெல்லாம். புதியவர் வருவதற்கே மாதங்கள் ஆனாலோ, இயன்முறைப் பயிற்சி தடைப்பட்டு, அரும்பாடுபட்டு இளக்கிய தசைகள் மீண்டும் இறுகுகின்றன; அந்த நஷ்டத்தைப் பின்னால் எத்தனை பணம் கொடுத்தும் முழுவதும் ஈடுசெய்ய முடிவதில்லை.

நிதி நெருக்கடியை மாநில அரசு காரணமாகச் சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்ந்து இப்பயிற்றுநர்களின் ஊதியத்தையும் ஏற்கும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததைக் காரணம் காட்டி 2024-25இல் தமிழகத்துக்குரிய 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது பெரும் அநீதி. இரண்டு சர்க்கார்களின் விவாதத்துக்குப் பேசவும் நடக்கவும் இயலாத குழந்தை பணயமாவதை எவ்விதத்திலும் சகிக்க இயலாது. எனினும், அந்த அநீதியே நம் வாதத்துக்குச் சாட்சியாகிறது: திட்ட நிதியை நம்பியிருக்கும் ஊதியம் எந்நேரமும் தடைப்படக்கூடும் என்று கண்கூடாகத் தெரிந்த பின்னர், பயிற்றுநர்களின் சம்பளத்தை மாநில வரவு செலவுத் திட்டத்தின் நிரந்தரச் செலவினத்தில் சேர்ப்பதே விவேகம்.

ஆகவே, இந்தக் குழந்தைகளின் எண்ணிக்கையை வட்டாரவாரியாகக் கணக்கிட்டு, அறிவிக்கப்பட்ட விகிதப்படி பணியிடங்களைத் தோற்றுவிக்கும் அரசாணையை மாநில அரசு தாமதமின்றிப் பிறப்பிக்க வேண்டும். உரிய தகுதியோடு பல்லாண்டு உழைத்தவர்களை அப்பணியிடங்களில் முதலில் அமர்த்த வேண்டும். வீடுதோறும் செல்பவர்களுக்குப் பயணப்படியும், இயன்முறை மருத்துவர்களுக்கு இதே பணிப் பாதுகாப்பும் அந்த ஆணையிலேயே இடம்பெற வேண்டும்.