எலி நடந்தது, சரி

தண்டுவடக் காயத்துக்கான உயிர்ப்பொருள் சாரக்கட்டு ஆய்வுகளில் எலியின் பின்னங்கால் அசைவுக்கே பெரும்பாலும் மதிப்பெண் இடுகிறோம், உச்சம் 21. ஆனால் 2004இல் கிம் ஆண்டர்சன் 681 நோயாளிகளிடம் கேட்டபோது, கைகளும் முடங்கியோர் முதலில் வேண்டியது கையின் இயக்கத்தை. சிறுநீர், மலக் கட்டுப்பாடு எல்லோருக்கும் முக்கியமாயிருந்தது.

இன்னொன்று: எலியின் தண்டுவடத்தைக் கத்தியால் சீராக அறுத்து, உடனே சாரக்கட்டைப் பொருத்துகிறோம். ரயிலிலிருந்து விழுந்தவரின் தண்டுவடமோ நசுங்கியிருக்கும். இன்விவோ நிறுவனத்தின் மனிதச் சோதனை 2023இல் இலக்கை எட்டாதது எனக்கு வியப்பளிக்கவில்லை.

மாட்டுங்கா வேதித் தொழில்நுட்ப நிறுவனத்திலிருந்து சயான் மருத்துவமனை அதிகத் தொலைவில்லை. அடுத்த பலபடியை வடிவமைக்குமுன் அங்கே போய்க் கேட்டு வரலாம். எலியின் சிறுநீர்ப்பை அழுத்தத்தையும் தவறாமல் அளக்கத் தொடங்கலாம்.