வாசிக்க மட்டும் என்றாலும் வரம்பு வேண்டும்

கண்காணிப்பு ஏஜென்ட் கேட்ட தகவலைச் சொல்வதோடு சரி, அதற்கு எதற்கு இத்தனை பூட்டு என்ற எண்ணம் நம் துறையில் இன்னும் போகவில்லை. அப்படி எண்ணுபவர்கள் 2023 ஏப்ரலில் பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையமும் அமெரிக்க அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட எச்சரிக்கையைப் படிக்க வேண்டும். ரஷ்ய ராணுவ உளவுத் துறையின் ஏபிடி28 குழு 2021இல் சிஸ்கோ ரவுட்டர்களுக்குள் நுழைந்த வழி, சாதனங்களைக் கண்காணிக்க உதவும் எஸ்என்எம்பி நெறிமுறை. 'பப்ளிக்' போன்ற, யாரும் ஊகிக்கக்கூடிய கம்யூனிட்டி ஸ்டிரிங்குகள் (அதில் பாஸ்வேர்டு போலப் பயன்படுபவை) அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன. கூடவே பயன்பட்ட மென்பொருள் ஓட்டையோ 2017லேயே அறிவிக்கப்பட்டது.

எஸ்என்எம்பி கேள்விகள் வரும் யூடிபி 161ஐக் கண்காணிப்பு சர்வரின் முகவரிக்கு மட்டும் திறந்து வைப்பது எல்லோரும் அறிந்த முதல் வேலை. பல இடங்களில் அதுவே கடைசி வேலையாகவும் ஆகிவிடுகிறது. எஸ்என்எம்பி வி2சியில் கம்யூனிட்டி ஸ்டிரிங் வெறும் எழுத்தாகவே கம்பியில் போகிறது. யூடிபியில் அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போடலாம். அந்த சர்வரே பிறர் கையில் சிக்கினால் முகவரிப் பட்டியல் ஒன்றையும் தடுக்காது.

ஆகவே யார் கேட்கலாம் என்பதோடு, எதைக் கேட்கலாம் என்பதையும் ஏஜென்டிலேயே தீர்மானிக்க வேண்டும். வரம்பில்லாத ஒரு லினக்ஸ் ஏஜென்டிடம் 1.3.6.1.2.1.25.4.2.1.5 என்ற கிளையைக் கேட்டுப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ப்ராசஸும் எந்த ஆர்கியுமென்ட்களோடு தொடங்கியது என்று வரிவரியாக வந்து விழும். யாராவது ஒரு ஸ்கிரிப்டுக்கு பாஸ்வேர்டைக் கமாண்ட் லைனில் கொடுத்திருந்தால் அதுவும் அந்த வரிசையில் இருக்கும். இத்தனைக்கும் இது 'ரீட் ஒன்லி' அனுமதிதான்!

இதற்கான கருவி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2002இல் வந்த ஆர்எஃப்சி 3415 சொல்லும் விஏசிஎம் (பார்வை அடிப்படையிலான அணுகல் கட்டுப்பாடு) முறையில் எந்தக் குழு, எந்தப் பாதுகாப்பு நிலையில், எந்தக் கிளையைப் பார்க்கலாம் என்று தனித்தனியே வரையறுக்கலாம். ட்ராஃபிக் கிராஃப் வரைபவருக்கு இன்டர்ஃபேஸ் கிளைகள் போதும். ப்ராசஸ் பட்டியலில் அவருக்கு வேலையில்லை. எஸ்என்எம்பி வி3க்கு மாறி, அடையாளச் சரிபார்ப்பும் மறைகுறியாக்கமும் சேர்ந்த நிலையைக் கட்டாயமாக்கினால்தான் இந்த வரையறைக்குப் பலம்.

சாபிக்ஸ் கண்காணிப்பு மென்பொருளிலும் இதே கதைதான். அதன் ஏஜென்டிடம் ஒரு ஃபைலின் உள்ளடக்கத்தையே கேட்டு வாங்கலாம். 5.0 பதிப்பில் வந்த அலோகீ, டினைகீ விதிகள் இதைக் கட்டுப்படுத்துகின்றன. மேலிருந்து கீழாக, முதலில் பொருந்தும் விதியே செல்லும். எனவே தேவையான அனுமதிகளை மேலே எழுதி, அனைத்தையும் மறுக்கும் விதியைக் கடைசியில் வையுங்கள்.

அடுத்த தணிக்கையில் ஏஜென்டின் முகவரிப் பட்டியலை மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்காதீர்கள். ஒவ்வொரு கணக்கும் எந்தெந்தக் கிளையை வாசிக்கிறது, ஏன் வாசிக்கிறது என்ற பட்டியலையும் கூடவே வையுங்கள்.