மண்ணின் வில்லங்கம்

திருப்பூரில் மனை வாங்குபவர் பட்டா பார்க்கிறார், வில்லங்கச் சான்று பார்க்கிறார், மண்ணைச் சோதிப்பதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்கு முன் நொய்யல் ஆற்றிலும் நிலத்திலும் இறங்கிய சாயக்கழிவின் உப்பு, தீர்ப்போடு கரைந்துவிடவில்லை. பழைய பட்டறை இடத்தில் வீடு எழும்பினால், அந்த உப்பு ஈரத்தோடு சுவரேறி வெள்ளையாகப் பூக்கும். பூச்சு பொரிந்து உதிரும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும். மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன் மண்ணையும் போர்வெல் தண்ணீரையும் சோதிப்பது கட்டாயமாக வேண்டும்.

நில விலை சரியும், சிறு உரிமையாளர் தாங்கமாட்டார் என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் சோதிக்காவிட்டால் அந்த நஷ்டம் மறைவதில்லை. கடன் வாங்கி வீடு கட்டும் பனியன் கம்பெனித் தொழிலாளியின் தலையில் விழுகிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. மாசடைந்த இடங்களுக்கான மத்திய அரசின் விதிகளும் 2025இல் வந்துவிட்டன. மாசுபடுத்தியவரைக் கண்டுபிடிக்க முடியாத இடங்களில் அரசு செலவழிக்கட்டும்.