பிரீஆம்ப் எங்க இருக்கோணும்?

அக்கூஸ்டிக் கிற்றாருக்குப் பிக்கப் போடப் போகிறோம் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற அறிவுரை ஒன்றுதான்: “அக்டிவ் போடுங்கோ, பாஸிவ் சத்தம் காணாது.” கடையில் சொல்லுவினம், சவுண்ட் செற் போடுற அண்ணாமார் சொல்லுவினம், யூடியூப் பார்த்துப் பழகின பெடியளும் சொல்லுவினம். இந்த அறிவுரை பாதி சரி. மற்றப் பாதி எங்கட காசையும் சில நேரம் கிற்றாரையும் வீணாக்குகிறது. கம்பஸில் படித்துக்கொண்டு, நாலைந்து பேராகச் சேர்ந்து வாசிக்கிற எங்களைப் போன்ற ஆக்களுக்குப் பாஸிவ் பிக்கப்தான் பொருத்தம் என்பது எங்கட நிலைப்பாடு.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. ‘அக்டிவ்’ என்று கேட்டவுடன் சுறுசுறுப்பான, நவீனமான ஏதோ ஒன்று நினைவுக்கு வருகிறது. ‘பாஸிவ்’ என்றால் மூலையில் சும்மா குந்தியிருக்கிற சாமான் மாதிரி இருக்கிறது. கலைப்பீடத்துப் பிள்ளைகள் என்றபடியால் சொற்கள் செய்கிற வேலையில் எங்களுக்குக் கொஞ்சம் சந்தேகம் அதிகம். இங்கே அந்தச் சொற்களுக்கு அர்த்தம் மிகச் சின்னது. கிற்றாருக்குள்ளேயே பற்றரியில் ஓடுகிற ஒரு சின்ன ஆம்பிளிபயர், அதாவது பிரீஆம்ப், இருந்தால் அது அக்டிவ். இல்லாவிட்டால் பாஸிவ். அதிர்வைப் பிடிக்கிற பகுதி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

அந்தப் பிடிக்கிற பகுதியில் மூன்று வகையைத்தான் அதிகம் காணலாம். ஒன்று, பிரிட்ஜில் கம்பிகள் ஏறி நிற்கிற சாடிலுக்குக் கீழே வைக்கிற பீஸோ பட்டி. இரண்டாவது, கிற்றாரின் உட்பக்கம் பிரிட்ஜுக்கு நேர் கீழே ஒட்டுகிற காசு மாதிரியான பீஸோ வட்டங்கள். மூன்றாவது, நடுவில் இருக்கிற வட்டத் துவாரத்தில் கொழுவுகிற காந்தப் பிக்கப். பீஸோ என்பது அழுத்தும்போது மின்னழுத்தத்தை உண்டாக்குகிற பொருள். 1880இல் பியர் கியூரியும் அவரின் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்த விளைவு அது. காந்தப் பிக்கப் உருக்குக் கம்பி அசைவதைப் பிடிக்கும். ஆகவே நைலோன் கம்பி போட்ட கிளாசிக்கல் கிற்றாரில் அது வேலை செய்யாது.

இனி, “பாஸிவ் சத்தம் காணாது” என்ற கதைக்கு வருவோம். இதில் உண்மை இருக்கிறது. பாஸிவ் பீஸோவை நேரே மிக்சரின் லைன் உள்ளீட்டில் குத்தினால் தகர டப்பாவில் தட்டுவது போல ஒரு சத்தம் வரும். பேஸ் இருக்காது, உடம்பு இருக்காது. ஆனால் அது பிக்கப்பின் குற்றம் இல்லை. பீஸோ மின்சுற்றில் ஒரு கொள்ளளவி போல நடந்துகொள்ளும். அதை எந்த அளவு தடைக்குள் விடுகிறோம் என்பதைப் பொறுத்து, குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணுக்குக் கீழே இருப்பதெல்லாம் படிப்படியாக வெட்டுப்பட்டுப் போகும்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த நண்பர் ஒருவரை இருத்தி வைத்துக் கணக்குப் போட்டோம். பிக்கப்பின் கொள்ளளவம் 1 நனோபரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிக்சரின் லைன் உள்ளீடு 10,000 ஓம் என்றால் வெட்டு தொடங்குகிற இடம் கிட்டத்தட்ட 16,000 ஹேர்ட்ஸ். கிற்றாரின் ஆகத் தடித்த கம்பி 82 ஹேர்ட்ஸ், ஆக மெல்லிய கம்பி 330 ஹேர்ட்ஸ். அப்படியென்றால் ஆறு கம்பியும் வெட்டுப்படுகிற பக்கத்தில்தான் நிற்கின்றன. தடித்த கம்பிக்குத்தான் அடி அதிகம். அதே பிக்கப்பை 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகா ஓம் உள்ளீட்டில் குத்தினால் வெட்டு 160 ஹேர்ட்ஸ் அளவுக்கு இறங்குகிறது. 10 மெகா ஓம் என்றால் 16 ஹேர்ட்ஸ். அங்கே எந்தக் கம்பிக்கும் பிரச்சினை இல்லை. பிக்கப் மாறவில்லை, கிற்றார் மாறவில்லை, விரல் மாறவில்லை. குத்துகிற துளை மட்டும்தான் மாறியது.

ஆகவே பிரீஆம்ப் கட்டாயம் வேணும். அதில் கடைக்காரருடன் எங்களுக்குச் சண்டை இல்லை. கேள்வி வேறு: அந்தப் பிரீஆம்ப் கிற்றாருக்குள்ள இருக்கோணுமா, வெளியில இருக்கோணுமா? அக்டிவா பாஸிவா என்று கேட்கிற எல்லாரும் உண்மையில் இதைத்தான் கேட்கிறார்கள். கேள்வியை இப்படி மாற்றிப்போட்டால் விடையும் மாறுகிறது.

உள்ளே இருந்தால் என்ன நடக்கிறது? பெரும்பாலான அக்டிவ் கிற்றார்களில் 9 வோல்ற்று சதுரப் பற்றரி ஒன்று இருக்கும். கேபிளைக் குத்தினவுடன் பிரீஆம்புக்கு மின்சாரம் போகத் தொடங்கும். தனியாக ஸ்விட்ச் இருக்காது. ஒத்திகை முடிந்து கேபிளைக் கழற்றாமல் கிற்றாரைச் சுவரில் சாத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால், வாசிக்காத நேரத்திலும் பற்றரி இறங்கிக்கொண்டே இருக்கும். இறங்கின பற்றரி உடனே சாகாது. முதலில் சத்தம் பிசிறும், உடையும். அது நடப்பது அநேகமாக மேடையில்தான். மாலை ஏழு மணிக்குப் பிறகு 9 வோல்ற்றுப் பற்றரி தேடி ஊரைச் சுற்றுவது எப்படி என்று இதை வாசிக்கிற சிலருக்குச் சொல்லத் தேவையில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் துவாரம். பக்கவாட்டில் ஈக்குவலைசரும் டியூனரும் உள்ள பிரீஆம்ப் பொருத்த, கிற்றாரின் பக்கப் பலகையைச் சதுரமாக வெட்ட வேணும். வெட்டின பலகை திரும்ப வராது. மரக் கிற்றார் ஒன்று ஒழுங்காகப் பார்த்தால் ஐம்பது வருடம் இருக்கும். எலெக்ட்ரோனிக் பெட்டி அவ்வளவு காலம் இருக்காது. பத்து வருடத்தில் அது பழுதானால், அதே அளவுத் துவாரத்துக்கு அதே மாதிரிப் பெட்டி கிடைக்குமா என்று தேட வேண்டிவரும். துவாரத்தின் விளிம்பிலோ ஜக்கிலோ அடக்கமாக இருக்கிற, பலகையை வெட்டத் தேவையில்லாத அக்டிவ் பிக்கப்புகளும் இருக்கின்றன, அவை பரவாயில்லை. ஆனால் பற்றரிக் கதை அங்கேயும் உண்டு.

கேர்ட் கோபேன் 1993 நவம்பரில் எம்ரிவி அன்பிளக்ட் நிகழ்ச்சியில் வாசித்த கிற்றாரை எங்களில் பலர் காணொளியில் பார்த்திருப்போம். அது 1959இல் செய்யப்பட்ட மார்ட்டின் டி-18இ. காந்தப் பிக்கப்புகளோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த அந்தக் கிற்றாரின் துவாரத்தில் அவர் இன்னொரு காந்தப் பிக்கப்பையும் போட்டிருந்தார். எல்லாம் பாஸிவ். ஆம்பும் பெடல்களும் வெளியில். ‘அன்பிளக்ட்’ என்ற பெயருக்கு உள்ளே ஆம்ப் ஒன்று ஒளிந்திருந்தது வேறு கதை. முப்பத்துநாலு வயதான கிற்றார் ஒன்று அந்த மேடையில் நின்றது. 2020இல் ஏலத்தில் 60 லட்சம் டொலருக்கு மேல் போனது. எங்கட கிற்றாரை யாரும் ஏலத்தில் கேட்கப் போவதில்லை. ஆனால் தங்கச்சிக்கோ அடுத்த பட்ச் பிள்ளைகளுக்கோ கைமாறும். அப்போதும் அது முழுசாக இருக்க வேணும்.

இதெல்லாம் ஒரு பக்கம். எங்களுக்கு முக்கியமான நியாயம் காசும் கூட்டும். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சத்தில் இருந்த டொலர், மே மாதம் 360 அளவுக்குப் போனதை எங்கட வயதுக்காரர் மறக்கமாட்டார்கள். பிக்கப், பிரீஆம்ப் எல்லாமே வெளியில் இருந்து வருகிற சாமான். நாலு பேர் நாலு கிற்றாருக்கு நாலு அக்டிவ் பிக்கப் போட்டால், நாலு பிரீஆம்புக்குக் காசு கொடுக்கிறோம். அதே நாலு பேர் பாஸிவ் போட்டு, காசு சேர்த்து நல்ல வெளிப் பிரீஆம்ப் ஒன்று வாங்கினால், அது எல்லாருக்கும் பொது. கிற்றாரை விற்றாலும் அது நிற்கும். பழுதானால் அதை மட்டும் கொண்டுபோய்த் திருத்தலாம். துவாரத்தில் கொழுவுகிற காந்தப் பிக்கப் என்றால் பிக்கப்பையே கழற்றி அடுத்தவரின் கிற்றாரில் போடலாம். ஒரே நேரத்தில் இரண்டு கிற்றார் மேடையேறினால் இரண்டு பிரீஆம்ப் வேணும், அது சரி. ஆனால் எங்கட நிகழ்ச்சிகளில் ஒருவர் இறங்க மற்றவர் ஏறுவதுதானே வழக்கம்?

அக்டிவ் யாருக்குப் பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேணும். ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தில் தனியாக வாசிக்கிறவர், ஒவ்வொரு நாளும் வேறு வேறு சவுண்ட் செற்றில் குத்த வேண்டியவர், மேடையில் நின்றபடியே சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டியவர், இவர்களுக்கு அக்டிவ் வசதிதான். நீளமான கேபிளையும் அது நன்றாகத் தாங்கும். அவர்கள் நிகழ்ச்சிக்கு முதல்நாள் பற்றரி மாற்றப் பழகினால் போதும்.

பாஸிவ் எடுக்கிறவர்கள் மனதில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான். கேபிள் குட்டையாக இருக்கட்டும். கிற்றாரிலிருந்து பிரீஆம்புக்கு மூன்று மீற்றர் காணும். பிரீஆம்ப் இல்லாத நாளில், மிக்சரில் ‘இன்ஸ்ட்ருமென்ற்’ அல்லது ‘ஹை-ஸீ’ என்று எழுதின பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது 1 மெகா ஓம் அளவில் இருக்கும். சவுண்ட் அண்ணா டிஐ பொக்ஸ் தந்தால், அது எந்த வகை என்று கேளுங்கள். பாஸிவ் பிக்கப்புக்கு அக்டிவ் டிஐ, அக்டிவ் பிக்கப்புக்குப் பாஸிவ் டிஐ. கேட்கும்போது தலை சுற்றும், ஆனால் காரணம் மேலே போட்ட அதே கணக்குத்தான். பாஸிவ் டிஐயின் உள்ளீட்டுத் தடை பீஸோவுக்குக் காணாது. அக்டிவ் டிஐ மிக்சர் கொடுக்கிற 48 வோல்ற்றிலேயே ஓடும் என்பதால் அங்கே பற்றரித் தொல்லையும் இல்லை. உட்பக்கம் ஒட்டுகிற பீஸோ வட்டங்களை நீங்களே ஒட்டாதீர்கள். இடம் கொஞ்சம் விலகினாலும் கம்பிக்குக் கம்பி சத்தம் வித்தியாசப்படும். வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

பிக்கப் வாங்கக் காசு சேர்க்கிறவர்கள், கடைக்குப் போக முதல் கூட வாசிக்கிற நண்பர்களோடு ஒருக்கா இருந்து கதையுங்கள். யாரிடம் என்ன கிற்றார் இருக்கு, எத்தனை பேர் ஒரே நேரத்தில் மேடையேறுறீங்கள், பொதுப் பிரீஆம்ப் யாருடைய அறையில் இருக்கும், அதைத் தொலைத்தால் யார் பொறுப்பு என்று பேசி முடிவெடுங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுக்கும். எங்களுக்கும் அப்படித்தான்.