றிப்போர்ட்டில ஒண்டுமில்லை, ஆனா வயிறு நோகுது

எங்கட ஊரில் வயிற்றுக்குள் என்ன நடந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: காஸ்ரிக். நெஞ்செரிந்தாலும் காஸ்ரிக், வயிறு ஊதினாலும் காஸ்ரிக், சோதனை நாளன்று காலையில் மூன்று தரம் ரொய்லெற்றுக்கு ஓடினாலும் காஸ்ரிக். பார்மசியில் ஒமிப்பிரசோல் குளிசை வாங்கிப் போடுகிறோம். அது கேட்காவிட்டால் ஸ்கான், பிறகு எண்டொஸ்கோப்பி. அதிலும் எல்லாம் நோர்மல் என்றால் கடைசித் தீர்ப்பு வரும்: "உங்களுக்கு ஒண்டுமில்லை. சும்மா யோசிக்காதேங்கோ."

எனக்கு இந்த வசனத்தோடுதான் பிரச்சினை. "யோசிக்கிறதால வருது" என்று ஒருவர் சொன்ன உடனே அந்த நோவு பொய்யாகிவிடுகிறது. வீட்டில் "நடிக்கிறாள்" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் "சாட்டுச் சொல்லுறான்" என்பார்கள். ஏ.எல் எடுக்கிற பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிவிடும்.

ஆனால் உடம்பு மனசு வேறு, வயிறு வேறு என்று பிரித்து வைத்திருக்கவில்லை. குடலின் சுவருக்குள் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்புக் கலங்கள் இருக்கின்றன. எப்போது சுருங்குவது, எவ்வளவு சுரப்பது என்ற அன்றாட வேலைகளில் பெரும்பகுதியை அவையே பார்த்துக்கொள்ளும். மூளைக்கும் வயிற்றுக்கும் இடையே வேகஸ் என்ற நீண்ட நரம்பு ஓடுகிறது. மூளைதான் எப்போதும் கட்டளை போடுகிறது என்று நினைப்போம். உண்மையில் அந்த நரம்பின் பெரும்பாலான இழைகள் கீழிருந்து மேலே, குடலின் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகின்றன.

பதற்றம் வந்தால் இரைப்பை மெதுவாகிறது, பெருங்குடல் வேகமாகிறது. அதனால்தான் சோதனையன்று சாப்பாடும் இறங்காது, ரொய்லெற்றுக்கும் ஓடவேண்டி வருகிறது. "பயத்தில வயித்தைக் கலக்குது" என்று சொல்லுகிற மொழிக்கு இது புதுச் செய்தியும் இல்லை. பதற்றம் மாதக்கணக்கில் நீடித்தால் சிலருக்குக் குடல் நரம்புகள் கூசத் தொடங்குகின்றன. மற்றவருக்குத் தெரியவே தெரியாத சாதாரண வாயு, இவர்களுக்கு நோவாகத் தெரியும். எண்டொஸ்கோப்பி கமராவில் புண் தெரியும், கட்டி தெரியும். இந்தக் கூச்சம் தெரியாது. றிப்போர்ட் நோர்மலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். 2016இல் வெளியான ரோம் அளவுகோல்களின் நான்காம் பதிப்பு இப்படியான நோய்களுக்குக் குடல்-மூளைத் தொடர்புக் கோளாறுகள் என்றே பெயர் வைத்தது. பெயர் இருக்கிற நோயை எப்படி "ஒண்டுமில்லை" என்பது?

அப்ப எல்லா வயிற்றுநோவும் மனசாலயா? இல்லை. வயிற்றுப்புண்ணுக்கு மன அழுத்தமே காரணம் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. 1980களில் அவுஸ்திரேலியாவின் பரி மார்ஷலும் ரொபின் வொரனும் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற பக்டீரியாவைக் காட்டினார்கள். 2005இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே காரணமில்லாமல் எடை குறைந்தால், மலம் கறுத்தால், இரத்தம் கண்டால், விழுங்கக் கஷ்டப்பட்டால் உடனே டொக்டரிடம் போகவேண்டும். முதலில் சோதித்துப் பார்ப்பது சரி. நான் கேட்பது, சோதனை முடிந்த பிறகு நோயாளியைக் கைவிடாதீர்கள் என்பதைத்தான்.

ஏனென்றால் சிகிச்சை இருக்கிறது. உளவளத்துணை சிலருக்குக் குடலையே அமைதிப்படுத்துகிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளை மிகக் குறைந்த அளவில், நோவுச் செய்தியைத் தணிப்பதற்காகக் கொடுப்பதுண்டு. ஆனால் ஏன் தருகிறோம் என்று விளக்காமல் துண்டை நீட்டினால் என்ன நடக்கும்? வீட்டில் யாரோ "உது விசர்க் குளிசையெல்லோ" என்பார்கள். மருந்து அன்றோடு நின்றுவிடும். ஓபிடி வரிசை நீளம், டொக்டருக்கு நேரமில்லை என்பது எங்களுக்கும் விளங்குகிறது. என்றாலும், "உங்கட நோவு உண்மை. குடல் நரம்பு கூசுது. அதுக்குத்தான் இந்த மருந்து" என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

வீட்டிலும் ஒன்று செய்யலாம். பிள்ளை வயிறு நோகுது என்றால் "என்ன சாப்பிட்டனீ?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அதைக் கேளுங்கள். அதோடு சேர்த்து, "ராத்திரி நித்திரை கொண்டனியா? ஏதும் பிரச்சினையோ?" என்றும் கேளுங்கள்.